சுஜிதாவின் சுண்டுவிரல்

சித்தூரில் சுஜிதா நடத்தும் பியூட்டி பார்லரில் போன வருஷம் ஒரு கல்யாணப் பெண்ணுக்குப் பாதிப் புருவம் போய்விட்டது. புருவம் திருத்த விரலில் சுற்றிய நூல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதே சுஜிதாவுக்குத் தெரியவில்லை. வலது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலில் பாதியும் வேறு யாருடையதோ போல மரத்துக் கிடந்தன. போன புருவத்தைப் பென்சிலால் வரைந்து பெண்ணை மேடைக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

தொழுநோய் என்றார் டாக்டர். மாத்திரையால் முழுசாகக் குணமாகும், மாத்திரை தொடங்கியபின் யாருக்கும் ஒட்டாது என்றும் சொன்னார். நரம்பு வீக்கத்துக்குத் தனி மருந்து எழுதி, திருப்பதியில் நடந்துகொண்டிருந்த ஓர் ஆராய்ச்சிக்கு அவளை அனுப்பினார். மரத்துப்போன உடனே மருந்து கொடுத்தால் உணர்ச்சி எவ்வளவு திரும்பும் என்று அங்கே பார்த்தார்கள். நோய் வந்தவர்களை வீடும் ஊரும் எப்படி நடத்துகின்றன என்றும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மாதாமாதம் சுஜிதா போய் வந்தாள்.

சோதனை செய்கிறவள் பிரித்திகா. வேலூர்ப் பக்கத்துப் பெண். கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழைகளால் விரலைத் தொடுவாள். தொட்டது தெரிந்தால் சொல்ல வேண்டும். முதல் சில மாதங்கள், பாவம் இந்தப் பெண் இவ்வளவு கஷ்டப்படுகிறதே என்று சுஜிதா உத்தேசமாக "தொட்டீங்க, தொட்டீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போது பிரித்திகா தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பாள்.

அன்று, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் ஆனதும் சுஜிதா துள்ளினாள்.

"எறும்பு!"

"எங்க?"

"சுண்டுவிரல் நுனியில. தட்டி விடுங்க மேடம்!"

சுஜிதா கண்ணைத் திறந்தாள். பிரித்திகா இருப்பதிலேயே மெல்லிய இழையைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றாள். "எறும்பு இல்லைங்க. இது நான்."

திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். ஏமாற்றுவதற்காகத் தொடாமல் இருந்தபோது, "இப்ப நீங்க சும்மா நிக்கிறீங்க" என்று சுஜிதா சரியாகச் சொன்னாள். ஆராய்ச்சி செய்கிறவர்கள் நிதானமாக இருக்க வேண்டும் என்று படித்திருந்த பிரித்திகா, நாற்காலியைத் தள்ளிவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள்.

பிறகுதான் கேள்விகள் நினைவுக்கு வந்தன. "உங்க நோய் யார் யாருக்குத் தெரியும்?"

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டும்."

"சர்ச் சபையில?"

"தைராய்டுன்னு சொல்லி வெச்சிருக்கோம். வாராவாரம் என் தைராய்டுக்கு ஜெபம் பண்ணிக்கினு இருக்காங்க." சிரிப்பை அடக்கப் பார்த்த பிரித்திகாவைப் பார்த்துவிட்டு அவளே சிரித்தாள். அப்புறம் குரல் இறங்கியது. "மூஞ்சியத் தொடுற தொழில் மேடம். சொன்னா யாரு வருவாங்க?"

வெளியே வந்ததும் சுஜிதாவின் விரல் சும்மா இருக்கவில்லை. பலாப்பழத்து முள், துணிக்கடை வாசலில் தொங்கிய சல்லாத் துணி, பழரச டம்ளரின் சில்லிப்பு என்று எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். ஸ்டேஷனில் வெயிலில் காய்ந்த இரும்புக் கம்பியைத் தொட்டு, "அய்யோ, சுட்டுடுச்சி!" என்று சிரித்தாள். பக்கத்தில் நின்றவர் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார்.

ரயில் கிளம்பியதும் புருஷன் கிளாட்வினுக்குப் போன் போட்டாள். ரயில் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

"இன்னா வந்துடுச்சி?"

"உணர்ச்சி!"

"எதுக்கு?"

"விரலுக்குங்க! தொழுநோய்ல மரத்துப்போச்சே, அந்த விரலுக்கு!"

அவள் கத்தவும் ரயில் ஒரு சிக்னலில் நிற்கவும் சரியாக இருந்தது. பெட்டி முழுக்கக் கேட்டது.

"சுஜி," என்றான் கிளாட்வின், இப்போது தெளிவாக. "நீ எங்க இருக்க?"

"ட்ரெயின்ல."

"இம்மா சத்தமாவா சொன்ன?"

"ஆமாங்க."

அவன் சிரித்தான், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "சரி, சொல்லிட்ட. போவுது வுடு. விரல் வந்துச்சில்ல?"

எதிரே இருந்த ஆள் எழுந்து கதவோரம் போய் நின்றுகொண்டான். சுஜிதாவின் முகம் சிவந்தது. ஆனால் காலையிலிருந்து ஏறியிருந்த சந்தோஷம் இறங்க மறுத்தது. "எனக்குத்தான்," என்றாள் பெட்டிக்கே பொதுவாக. "மாத்திரை துன்னுக்கினு இருக்கேன். யாருக்கும் ஒட்டாது."

காலியான இடத்தில் ஒரு பெரிய உடம்புக்காரம்மா வந்து உட்கார்ந்தாள். "நல்லதாப் போச்சி, கால நீட்டலாம்." கன்னியம்மாள் என்று பேர், பங்காருபாளையத்தில் மாங்காய் வியாபாரம். ரயில் நகர்ந்ததும் முந்தானையை விலக்கி முன்கையைக் காட்டினாள். வெளிறிய ஒரு தேமல். "மாங்கா பால் பட்ட கறைன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கொசு கடிச்சாகூடத் தெரில."

"கண்ண மூடுங்கக்கா," என்றாள் சுஜிதா. கைப்பையிலிருந்து பஞ்சை எடுத்து நுனியைத் திரித்துக்கொண்டாள்.

கன்னியம்மாள் பொறுமையாகக் காத்திருந்தாள். "எப்பம்மா தொடுவ?"

"தொட்டுக்கினேதான் இருக்கேங்க்கா."

கண்ணைத் திறந்த கன்னியம்மாள் பஞ்சையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். "தேவுடா," என்றாள்.

சுஜிதா பிரித்திகாவைப் போனில் கூப்பிட்டாள். "அதுவாவும் இருக்கலாம், வேறயாவும் இருக்கலாம். இன்னிக்கே கூட்டிட்டு வாங்க" என்று பதில் வந்தது. வழியில் வந்த பாகாலா ஸ்டேஷனில் இருவரும் இறங்கினார்கள். திருப்பதி ரயில் எதிர் பிளாட்பாரத்தில் புறப்பட நின்றிருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கன்னியம்மாள் ஓடிய ஓட்டத்துக்குச் சுஜிதாவால் ஈடுகொடுக்க முடியவில்லை.

திருப்பதியில் டாக்டர் பார்த்தார். அதேதான். ஆனால் பெரிய நரம்பு எதுவும் கெடவில்லை. மாத்திரை போதும் என்றார்.

"அவ்ளோதானா?" என்றாள் கன்னியம்மாள். ஏமாந்துபோனவள் மாதிரி இருந்தது குரல். வாசலுக்கு வந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பயந்துட்டேன்மா," என்றாள். சுஜிதா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், என்ன தோன்றியதோ, கன்னியம்மாள் மகனுக்குப் போன் போட்டாள்.

"ஒரேய், எனக்குத் தொழுநோயாம்டா. மாத்திரை குடுத்துருக்காங்க. வர லேட்டாவும், சோறு வடிச்சி வெச்சிடு."

"ஏமி?" என்று அவன் அலறியது சுஜிதாவுக்கே கேட்டது. கன்னியம்மாள் போனை அணைத்து இடுப்பில் செருகினாள்.

"இன்னாக்கா, கட் பண்ணிட்டீங்க?"

"மொதல்ல சோறு வடிக்கட்டும்."

இருவரும் சிரித்த சிரிப்பில் முன்சீட்டுக்காரர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.