அம்மா பேச்சின் மேல் ஒரு பாட்டு

கல்யாண வீடியோ எடுத்தே பழகிய ஸ்டுடியோக்காரன் கைக்கு எதைக் கொடுத்தாலும் கல்யாணமாகத்தான் தெரியும் போலிருக்கிறது. பென்டிரைவை டிவியில் செருகினேன். அம்மா வந்தாள். பழைய வீட்டு வாசலில், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, கேமராவைப் பார்த்துப் பேசுகிறாள். வாய் அசைகிறது. வந்ததோ சினிமாப் பாட்டு. புல்லாங்குழல், தபேலா, போதாததற்கு ஓரத்தில் ஒரு ரோஜாப்பூ வேறு சுற்றுகிறது.

எனக்கு நாலு வயதில் அம்மா மௌத்தாகிவிட்டாள். முகத்துக்குப் போட்டோ இருக்கிறது. குரலுக்கு இந்த ஒரு கேசட்தான். அந்தக் காலத்தில் சவூதியிலிருந்து லீவில் வருகிறவர் யாராவது கேமரா கொண்டுவந்தால், தன்னோடு அங்கே இருப்பவர்களின் வீடு வீடாகப் போய், மனைவி பிள்ளைகளைப் பேசவைத்துப் பிடித்துக்கொண்டு போவார். அப்படி என் அத்தாவுக்குப் போன கேசட் இது. வேலையை விட்டு ஒரேயடியாக ஊருக்கு வந்தபோது அதையும் கொண்டுவந்து பீரோவில் பூட்டிவிட்டார். எப்போது கேட்டாலும், போட்டுப் பார்க்க டெக் இல்லை என்பார்.

போன மாதம் மரக்காணத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் வெற்றிச்செல்வன், பழைய கேசட்டை மாற்றித் தருவதாக போர்டு மாட்டினான். நான் அடம்பிடித்தேன்.

"நீ எதுக்கும்மா அலையுற, நானே குடுத்துட்டு வர்றேன்" என்று அத்தாதான் எடுத்துப் போனார்.

பாட்டு முடிவதற்குள் ஸ்கூட்டியை எடுத்துவிட்டேன். உப்பளத்து ரோட்டில் நான் போன வேகத்தைப் பார்த்து, உப்பு வாரிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து நின்றார்கள்.

"யாரைக் கேட்டு பாட்டு போட்டீங்க?"

வெற்றிச்செல்வன் எழுந்து நின்றான். "பழைய கேசட்டுன்னா ஒரே இரைச்சலா இருக்கும்ங்க. எல்லாருக்கும் பாட்டு போட்டுத்தான் குடுக்கிறோம்."

"எங்கம்மா பேசுறது உங்களுக்கு இரைச்சலா? பாட்டை எடுத்துட்டு குடுங்க."

"எடுக்க முடியாதுங்க. பாட்டை சேர்த்துதான் சின்ன ஃபைலா கம்ப்ரஸ் பண்ணியிருக்கேன். முதல்ல ஏத்துன பெரிய ஃபைலை அழிச்சாச்சு."

"அப்ப கேசட்டை திரும்ப ஓட்டுங்க."

அவன் மேசை டிராயரைத் திறந்து காட்டினான். இந்த ஊர் உப்புக்காற்று இரும்பையே தின்றுவிடும், கேசட் எம்மாத்திரம். டேப் முழுக்க வெள்ளைப் பூஞ்சை. ஒரு ஓட்டம் தாங்கியதே பெரிது. ரிவைண்ட் போட்டபோது பிய்ந்துவிட்டதாம்.

அதற்கப்புறம் நான் பேசியது எதையும் இங்கே எழுத முடியாது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்திருந்தவர்கள் வெளியே போய் நின்றுகொண்டார்கள். கடைசியில் அவனுக்கும் பொறுமை போய்விட்டது.

"என்னையே திட்டுறீங்களே. உங்க அத்தா இதே சேர்ல உட்கார்ந்து முழுசும் பார்த்தாருங்க. சவுண்டு வேணாம், பாட்டு போட்டுடுன்னு அவர்தான் சொன்னாரு. பெரிய ஃபைலை நான் அழிக்கிறவரைக்கும் பக்கத்துலயே இருந்துட்டுத்தான் போனாரு."

வீட்டுக்கு வந்தேன். அத்தா டிவிக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். ஊரில் இப்ராஹீம் பாய் என்றால் அதிர்ந்து பேசாத மனுஷன் என்பார்கள். எப்படி அதிரும், அதுதான் அடுத்தவர் பேச்சையும் அழித்தாகிவிட்டதே.

"ஏன் அத்தா?"

"நீ கேக்க வேணாம்னுதான்."

"அம்மா எப்படி பேசும்னு எத்தனை தடவை கேட்டிருக்கேன். சாந்தமா பேசும்னு சொன்னீங்க. எதை மறைச்சீங்க?"

  டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு வீடியோவைப் போட்டேன்.

"அம்மா பேசினதை நீங்க சொல்லுங்க. இல்லன்னா இனிமே இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

 அவர் திரையைப் பார்க்காமலே ஆரம்பித்தார்.

"'இந்தப் பெருநாளும் போச்சு. லீவு கிடைக்கலன்னு சொல்லாதீங்க. உங்க கூட்டாளி கேமராவோட முன்னாடி நிக்கிறாரே, அவருக்கு மட்டும் எப்படி கிடைச்சுது? நாஜியா போட்டோவைப் பார்த்து அத்தாங்குது. ஆளை எங்க போய் காட்டுவேன்.'"

அம்மாவின் உதடும் அவர் சொல்லும் ஒரு இம்மி பிசகவில்லை. சவூதியில் எத்தனை முறை போட்டுப் பார்த்திருந்தால் இப்படி வரும். அவ்வளவு முறை பார்த்தவர் ஒருமுறைகூடக் கிளம்பி வரவில்லை. எனக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

"'வயித்துல கட்டின்னு சொல்லிட்டாங்க. பாண்டி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்றாங்க. கூட வர ஆளில்ல.'" அத்தா நிறுத்தினார். "அவ்வளவுதாம்மா."

"இன்னும் வாய் அசையுது."

"நாஜியா, வேணாம்."

"அசையுது அத்தா. சொல்லுங்க."

"'என் மையித்துக்குத்தான் வருவீங்கன்னா, வரவே வராதீங்க.'"

அத்தா மையித்துக்கும் வந்து சேரவில்லை. அடக்கி முடித்த பிறகுதான் வந்தார்.

அவர் அழுதார். அழட்டும் என்று இருந்தேன். பிறகு செல்போனில் ரெக்கார்டிங்கைத் தட்டி அவர் முன்னால் வைத்தேன். ரிமோட்டை எடுத்து வீடியோவை முதலிலிருந்து போட்டேன்.

"மறுபடியும் சொல்லுங்க" என்றேன்.