உச்சாணியும் கைகாட்டியும்

காலை டீ குடிக்கும்போது இன்ஜினியர் போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டார். "என்னண்ணே, மேல உக்காந்தா தூக்கம் வருதாமே?"

அவ்வளவுதான், கிரேன் ஓட்டுபவனுக்கு டீ தொண்டையில் இறங்கவில்லை. கட்டடத்துக்கும் மேலே, கூண்டுக்குள் உட்கார்ந்து இரும்பையும் சிமெண்டையும் தூக்கிக் கொடுப்பவன் அவன். உச்சாணி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். அங்கே அவன் கொட்டாவி விடுவது யாருக்குத் தெரியும்? நாளெல்லாம் வாக்கி டாக்கியில் அவனோடு பேசுகிற ஒருத்தனுக்குத்தான். மாடியில் நின்று 'தூக்கு, இறக்கு' என்று சைகை காட்டுகிற கைகாட்டிக்கு.

'போட்டுக் கொடுத்துட்டான் பாவி! என் இடத்துக்கு வேற யாரையோ கொண்டுவரப் பாக்குறான்.'

அட, வாய் இருக்கிறதே, நேரே கேட்டால் என்ன குறைந்துவிடும்? மனைவியும் அதைத்தான் சொன்னாள்.

"அந்தத் தம்பிகிட்டயே கேட்டுத் தொலைங்களேன். இங்க எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இருக்கீங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்று அவள் வாயை அடைத்தான்.

அன்றிலிருந்து டீக்குக் கீழே இறங்குவதை விட்டான். கைகாட்டி யாரிடம் சிரித்துப் பேசினாலும் தன்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. கடைசியில் வாக்கி டாக்கியையே அணைத்துவைத்தான். கொட்டாவிச் சத்தம் கேட்டால்தானே கோள் சொல்வான்? கைச்சைகை போதும் என்று இருந்துவிட்டான்.

முதலாளி வந்திருந்த அன்று, கம்பிக்கட்டு ஒன்றை மாடிச் சுவருக்குப் பின்னால் இறக்க வேண்டியிருந்தது. இறங்கும் இடம் மேலிருந்து உச்சாணியின் கண்ணுக்குத் தெரியாது. சுவரோரம் நின்ற கைகாட்டி மட்டும்தான் தெரிந்தான். கட்டு பாதி இறங்கியபோது அவன் இரண்டு கைகளையும் அகல விரித்தான். நிறுத்து!

'முதலாளி முன்னாடி என்னை வேலை தெரியாதவனா காட்டப் பாக்குறியா?' உச்சாணி நிறுத்தவில்லை.

கைகாட்டி கையிலிருந்த சைகைக் கொடியை எறிந்துவிட்டுச் சுவருக்குப் பின்னால் பாய்ந்தான். உச்சாணி சட்டென்று நிறுத்திவிட்டு வாக்கி டாக்கியைப் போட்டான். "ஐயோ, ஆளு அடியில..." என்று யாரோ அலறுவது கேட்டது.

ஏணியில் இறங்கி வருவதற்குள் அவன் பாதி செத்துவிட்டான்.

சுவருக்குப் பின்னால் வெல்டர் வெலவெலத்துப் போய் உட்கார்ந்திருந்தான். முகமூடி மாட்டிக் குனிந்திருந்தவனுக்குத் தலைக்கு மேல் வந்த கட்டு தெரியவில்லை. அவனை இழுத்துத் தள்ளிய கைகாட்டியின் தோளைக் கம்பி கிழித்திருந்தது. சட்டையெல்லாம் ரத்தம்.

இன்ஜினியர் தலையில் கைவைத்து நின்றார். "இதுக்குத்தான் இவன் அன்னிக்கே என்கிட்ட சண்டை போட்டான். 'அண்ணன் ஒத்த ஆளா ரெண்டு ஷிப்ட் பாக்குறாரு, தூக்கம் வராம என்ன செய்யும், இன்னொரு ஆளைப் போடுங்க'ன்னு. நான்தான் தள்ளிப் போட்டுட்டேன்."

உச்சாணி கைகாட்டியின் பக்கம் திரும்பினான். "ஏன்டா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"எங்கண்ணே சொல்றது? டீக்கும் வரல. வாக்கியையும் அணைச்சுட்டீங்க."

உச்சாணி அவன் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோர் முன்னாலும் அழுதான்.

இன்னொரு ஷிப்டுக்குப் புது ஆள் வந்த அன்று, அவனைக் கைகாட்டியின் எதிரிலேயே நிறுத்தி வாக்கி டாக்கியைக் கொடுத்தான் உச்சாணி.

"தம்பி, என்ன ஆனாலும் இதை அணைச்சிடாதே. கூட வேலை செய்யறவன் மேல சந்தேகம் வந்தா, அவன்கிட்டயே கேட்டுரு. நான் கேக்காம மனசுக்குள்ளயே தீர்ப்பு எழுதினேன். அது ஒரு பாவமும் அறியாதவன் தலையில விழப் பாத்துச்சு."