சர்பத் பாட்டிலுக்குள் ஒரு பந்தயம்

1.

இந்தக் கதை நான் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. போன மாதம் நாகல் நகரில் ஒரு கடையில் செல்போனைப் பழுது பார்க்கக் கொடுத்தேன். கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்த வலது கையை இடது கையால் இறுக்கிக்கொண்டார். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார். உடனே சுவரில் தொங்கிய காலண்டரைப் படிக்க ஆரம்பித்தேன். "என்னண்ணே ஆச்சு?" என்று கேட்டிருக்கலாம்.

(அவர் பெயர் எனக்குத் தெரியாது. இஷாக் என்பது நான் வைத்தது. பாட்டிலும் கப்பலும்கூட நான் கொடுத்தவைதான்.)

2.

முதல் தொடக்கம்: 'மலைக்கோட்டைக்குப் பின்னால் சூரியன் மெல்ல...'

வேண்டாம். பயந்த மனிதன் சூரியனை எங்கே பார்க்கிறான்?

இரண்டாவது தொடக்கம்: இஷாக் தன் வலது பெருவிரலை நம்புவதை நிறுத்தி இரண்டு மாதமாகிறது. அவரைப் பெற்ற அத்தாவுக்கும் பெருவிரலில்தான் நடுக்கம் தொடங்கியது. கடைசி மூன்று வருடம் அத்தாவுக்குச் சட்டைப் பித்தானை இஷாக்தான் போட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குப் போகப் பயம். டாக்டர் வாயால் பெயர் சொல்லிவிட்டால் நோய் வந்து உட்கார்ந்துவிடும் என்று நினைத்தார். அதனால் தனக்குத் தானே ஒரு சோதனை வைத்துக்கொண்டார்: பாட்டிலுக்குள் மரக் கப்பல். பாய்மரங்களை மடக்கிப் படுக்கவைத்து, கப்பலைப் பாட்டிலின் கழுத்து வழியே உள்ளே தள்ள வேண்டும். வெளியே விட்ட நூல்களை மெதுவாக இழுத்தால் மரங்கள் எழுந்து நிற்கும். நின்றால் கைக்கு ஒன்றுமில்லை, டாக்டரும் வேண்டாம். விழுந்தால்...

(இதை அவரும் முடிக்கவில்லை.)

3.

பக்கத்து ஜூஸ் கடைப் பாண்டி, காலியான நன்னாரி சர்பத் பாட்டிலைக் கழுவிக் கொண்டுவந்தார்.

"என்னா பாய், கப்பலச் செஞ்சு ஆத்தூர் டேம்லயா விடப் போறீங்க?"

"சும்மா பொழுதுபோக்குக்கு, அப்பு."

"பொழுதுபோக்குக்கா மூஞ்சி பரீட்ச எழுதப் போறவன் மாதிரி இருக்கு?"

இஷாக்கும் சிரித்தார், கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டு.

4.

பன்னிரண்டு நாளில் கப்பல் உள்ளே போனது. பாட்டிலுக்குள் கடலாகப் பரப்பிய நீலக் களிமண்ணில் அதை ஒட்டும்போதுதான் தொழில் பழக்கம் காலை வாரியது. செல்போனில் பயன்படுத்தும், நொடியில் ஒட்டும் பசையையே சொட்டுவிட்டார். அதன் ஆவி வெளியேற வழியில்லாமல், மறுநாள் கண்ணாடியின் உட்புறம் வெள்ளையாகப் பூத்திருந்தது. இஷாக் முதலில் துடைத்தது தன் கண்களை. 'கண்ணும் போச்சா?' பிறகு புரிந்தது. தின்னரில் நனைத்த பஞ்சைக் கம்பியில் சுற்றித் துடைத்தார். நகமளவு இடம்தான் தெளிந்தது. அதன் வழியே பார்த்தால் கப்பல் பனியில் மாட்டிக்கொண்டது போலிருந்தது.

5.

முடிவு ஒன்று: மரங்கள் எழுகின்றன. எழுதிவிட்டு நானே கண்கலங்கினேன். அப்புறம்தான் பயம் பிடித்தது. எழுந்துவிட்டால் அவர் டாக்டரிடம் போக மாட்டாரே! இரக்கம் என்று நினைத்து நான் அவருக்குக் கெடுதல் செய்கிறேன்.

முடிவு இரண்டு: நூல் அறுகிறது, இஷாக் கடையைப் பூட்டிவிட்டு... எழுதியதை அடித்துவிட்டேன். அவ்வளவு கல்மனம் எனக்கில்லை.

(காலையில் சாமி கும்பிடும்போது இஷாக்குக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். கதையில் வருகிறவருக்காக வேண்டிக்கொள்ளலாமா என்று தெரியவில்லை.)

6.

வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து, வீட்டு மேசையில் பாட்டிலை வைத்தார். நூலை விரலில் சுற்றி இழுத்தார். கை ஆடியது. பாட்டில் உருண்டது. ஒரு மரம் பாதி எழுந்து, நடுங்கி, படுத்துவிட்டது.

பின்னாலிருந்து அவர் மனைவி குர்ஷித் பேகத்தின் கைகள் வந்து பாட்டிலைப் பிடித்துக்கொண்டன.

"இழுங்க. நான் புடிச்சுக்கிறேன்."

"நீ தொடாத. நானே செஞ்சாத்தான் செல்லும்."

"எதுக்குச் செல்லும்?"

சொல்லிவிட்டார். அத்தா, பெருவிரல், டாக்டர், எல்லாம்.

"யா அல்லாஹ்! படைச்சவன்கிட்ட சர்பத் பாட்டில வச்சா பந்தயம் கட்டுவாங்க?"

"உனக்குத் தெரியாது குர்ஷித்..."

"எனக்கா? ரெண்டு மாசமா உங்களுக்கு அரைக் கிளாஸ் டீதான ஊத்துறேன். ஏன்னு கேட்டீங்களா?"

"பாலு மிச்சம் புடிக்கிறேன்னு நெனச்சேன்."

"நெனப்பீங்க! சிந்திக் கையச் சுட்டுக்கக் கூடாதுன்னு ஊத்துனேன். திங்கக்கெழமைக்கு டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டேன். கப்பல் நின்னாலும் போறோம், விழுந்தாலும் போறோம். இப்ப இழுங்க."

7.

குர்ஷித் இப்படிப் பேசுவார் என்று நான் திட்டமிடவில்லை. இரண்டு முடிவுகளுக்கு நடுவே நான் முழித்துக்கொண்டிருந்தபோது, அவர் பந்தயத்தையே கலைத்துவிட்டார். இனி மரங்கள் நிற்பது பற்றி எனக்குக் கவலையில்லை. (நிற்கட்டும். ஆசைதான்.)

என் பயம் இப்போது வேறு. "சரி, வாரேன்" என்று இஷாக் சொல்ல வேண்டும். நாலு தடவை எழுதிப் பார்த்தேன். நாலு தடவையும் அது என் ஆறுதலுக்காக நான் சொன்னதாகவே இருந்தது.

அதனால் எழுதவில்லை. நூல் இறுகி நிற்கிறது. குர்ஷித் கையை எடுக்கவில்லை. இஷாக் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. அதுவரை நீங்கள் அவருடன் இருங்கள்.