பூஜைக்கு அடங்கிய மெஷின்

"தலைக்கு ஊத்திக்கினு வந்தியா?"

மெஷின் அறை வாசலில் மாவிலைத் தோரணத்துக்குக் கீழே நின்றுகொண்டு முதலாளியின் மனைவி சரசு கேட்டாள். கையில் சந்தனக் கிண்ணம். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைக்கப்போன வெள்ளையம்மாள் அப்படியே நின்றாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். இந்த ஊரில் எத்தனையோ பெண்கள் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் கோபுர வாசலையே தாண்டியிருப்பார்கள். வெள்ளையம்மாளுக்கு நாக்கு அப்படி வளையாது.

"இல்லிங்க. மூணாம் நாளு."

"அப்ப உள்ள வராதம்மா. ஆயுத பூஜை அதுவுமா. நான் கேக்காம வுட்டிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"ஒண்ணும் ஆயிருக்காதுங்க. நேத்தும் முந்தாநேத்தும் உள்ளதான் இருந்தேன். மெஷின் ஓடிக்கினுதான் இருந்திச்சி."

சரசு கன்னத்தில் போட்டுக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள்.

செங்கம் ரோட்டில் சக்கரவர்த்தி அந்த கம்ப்யூட்டர் சென்டரைத் திறந்து இரண்டு வருஷம் ஆகிறது. முன்கூடத்தில் பிளைவுட் தடுப்பு வைத்து நாலு அறை. அறைக்கு ஒரு திரை, ஒரு கீபோர்டு, மேலே பெயர்ப்பலகை. முதல் அறை சகாதேவனின் ரைஸ் மில்லுக்கு. அடுத்தது மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கும் ஜானி பாஷாவுக்கு. மற்ற இரண்டில் ஒரு சீட்டுக் கம்பெனியும் ஒரு டுடோரியலும். நாலு பேரிடமும் சக்கரவர்த்தி ஒரே மாதிரிதான் சொல்லியிருந்தார்: இது உங்களுக்கே உங்களுக்கான தனிக் கம்ப்யூட்டர், வேறு ஆள் கை படாது. வாடகையும் அந்தக் கணக்கில்தான். உண்மையில் கம்ப்யூட்டர் பின்னறையில் இருந்தது. ஒன்றே ஒன்று. ஒரு வீட்டை நாலாகத் தடுத்து நாலு குடித்தனம் வைத்துவிட்டு, ஒவ்வொரு குடித்தனக்காரனிடமும் மொத்த வீடும் உன்னுதுதான் என்று சொல்கிற சாமர்த்தியம். பின்னறையில் ஏதோ உறுமுகிறதே என்று யாராவது கேட்டால், "அது கரண்டைக் காபந்து பண்ற பொட்டிங்க" என்பார்.

அந்தச் சாமர்த்தியத்தைத் தினமும் நடத்திக் காட்டியது வெள்ளையம்மாள். ரைஸ் மில்காரர் பெரிய வேலையாகக் கொடுத்தால் மற்ற மூவரின் திரையும் திணறும். அவள் அந்த வேலையைப் பின்னுக்குத் தள்ளி மற்றவர்களுக்கு மூச்சுவிட இடம் கொடுப்பாள். ஒருவர் தகவல் அடுத்தவர் கண்ணில் படாமல் சுவர் வைப்பாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தடித்தடியான இங்கிலீஷ் புத்தகங்களைப் படித்து அவளாகக் கற்றது. அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். பி.எஸ்ஸி. கணக்கு. வேலைக்கு வந்த அன்று சக்கரவர்த்தி கேட்ட ஒரே கேள்வி, "கூட்டிப் பெருக்கறதுக்கும் சேத்துதாம்மா, சம்மதந்தான?"

இப்போது சென்டருக்கு ஒரு இன்சார்ஜ் போடப்போகிறார்கள். நிரந்தர வேலை. பூஜை முடிந்ததும் சொல்கிறேன் என்றிருந்தார் சக்கரவர்த்தி. அது கிடைக்காவிட்டால் ஐப்பசியில் மாமன் மகனுக்குப் பரிசம் என்று அவள் அப்பா தருமன் தேதியே குறித்து வைத்திருந்தார். மாமன் மகன் மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை. அவன் பாட்டுக்கு டிராக்டர் ஓட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் அந்தப் பெரிய மெஷினை விட்டுவிட்டுப் போய் டிராக்டருக்குச் சோறு கட்டிக்கொடுப்பதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

சக்கரவர்த்தி வேட்டி நுனியைப் பிடித்தபடி வந்தார். நிலைமை புரிந்ததும் அவருக்குச் சங்கடம்தான். பெரிய மெஷினைப் பூஜைக்கு அணைத்து மறுநாள் காலைவரை ஓய்வு கொடுக்கவேண்டும். அதே சமயம் ஜானி பாஷாவின் வேலை நிற்கக் கூடாது, அவருக்கு இன்றைக்கு மெட்ராஸ் லோடு. இரண்டையும் செய்யச் சொல்லி முந்தின நாள் இவளிடம் கேட்டவரே அவர்தான். மூலையில் சாக்குத் துணி போர்த்திக் கிடந்த பழைய மெஷினை இவள் எழுப்பி ஓடவிட்டு, பாஷாவின் குடித்தனத்தை அதற்கு மாற்ற ஆரம்பித்திருந்தாள். இன்று காலை வந்த எடைச்சீட்டுகளை மட்டும் மாற்றவேண்டும். பிறகு பெரியதை முறையாக அடக்கவேண்டும். அதைச் சுவிட்சைத் தட்டி அணைக்கக் கூடாது. பாதி எழுதியது பாதியாகவே நின்று, நாலு பேர் கணக்கும் குழம்பிப் போகும்.

"பரவால்லம்மா, பரசு பாத்துக்குவான்" என்றார் சக்கரவர்த்தி.

பரசுராமன் சரசுவின் தம்பி. வேலூரில் ஏதோ டிப்ளமோ முடித்தவன். வந்து ஒரு வாரம் ஆகிறது. பட்டு வேட்டியில், நெற்றி நிறைய விபூதியோடு சுவிட்ச் போர்டு பக்கத்தில் நின்றிருந்தான்.

"பரசு, எப்பிடி நிறுத்தணும்னு தெரியுமா?" வாசலுக்கு வெளியே நின்றபடியே வெள்ளையம்மாள் கேட்டாள்.

"சுவிட்சு எனக்குத் தெரியாதா? கற்பூரம் காட்டனதும் ஆஃப் பண்ணிடறேன். நீங்க போய்க் குந்துங்க."

"சுவிட்சு மட்டும் தெரிஞ்சாப் போதுமா?"

"ஆம்பள எதிருல இன்னா வாயி" என்றாள் சரசு, சந்தனத்தைக் குழைத்தபடி. பூசாரி மணியை எடுத்தார்.

வெள்ளையம்மாள் திரும்பி நேராக ஜானி பாஷாவின் அறைக்குப் போனாள். பாஷாவின் மகள் அஜ்மத் பேகம் எடைச்சீட்டு அடித்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நவுரு. உன் எடத்துல நான் உக்காரணும். முன்னாடியே சொல்லிடறேன், நான் வீட்டுக்குத் தூரம். உங்கள்ல ஏதாச்சும் பாப்பீங்களா?"

"தொழுகைக்குப் பாப்போம். மண்டிக்கு எவன் பாத்தான்?" அஜ்மத் நாற்காலியை விட்டு எழுந்தாள்; வெள்ளையம்மாள் உட்கார்ந்து தட்டிய வேகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இன்னாத்துக்கு இவ்ளோ கோவம்? கீபோர்டு ஒடஞ்சிட்டா எங்க அத்தாகிட்ட யாரு பதில் சொல்றது?"

"உங்க அத்தா லாரி நிக்கக் கூடாதுன்னுதான் அடிக்கிறேன்."

மாஸ்டர் பாஸ்வேர்டைப் போட்டாள். பாஷாவின் சின்னத் தடுப்பறையிலிருந்து மொத்த வீடும் திறந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் காலைச் சீட்டுகள் ஒவ்வொன்றாக வயர் வழியே பழைய மெஷினுக்குப் போய்க்கொண்டிருந்தன. வயர் ஆமை. மந்திரம் குதிரை. பூசாரி தீபம் கேட்டது அவள் காதில் விழுந்தது. சகாதேவன் குடும்பத்தோடு வந்து தன் அறைத் திரைக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தார். அவர் பேரப்பிள்ளை கீபோர்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் பொட்டு வைத்தது.

"பூசாரியாரே, அவசரம் ஒண்ணுமில்ல. நிதானமாப் பண்ணுங்க" என்று வெள்ளையம்மாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள். பக்தி மிகுந்துபோய்ச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் இன்னொரு சுலோகம் சேர்த்தார்.

கடைசிச் சீட்டும் போய்ச் சேர்ந்தது. பெரிய மெஷினுக்கு உத்தரவு கொடுத்தாள்: எல்லாரையும் வெளியே அனுப்பு, பாதி எழுதியதை முழுசாக எழுதி முடி, அடங்கு. மேசைக்கு அடியில், திரையை ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் தகரப் பெட்டி; அதன் குமிழை ஒன்றிலிருந்து இரண்டுக்குத் திருப்பினாள். திரை ஒருமுறை கறுத்துப் பச்சையாக விழித்தது. அஜ்மத்தின் சீட்டு, விட்ட வரியிலேயே.

"இந்தா, அடி."

அஜ்மத் நாலு எழுத்து தட்டிப் பார்த்தாள். "இன்னா, இன்னிக்கு ஸ்பீடு கம்மியாக் கீது?"

"ஆயுத பூஜைல்ல, அதான்."

உள்ளே கற்பூரம் ஏறியது. பரசுராமன் சுவிட்சைத் தட்டினான். அதற்குள் பெரிய மெஷினின் உறுமல் தானாகவே தணிந்து நின்றிருந்தது.

"பாத்தியா, தீபாராதனைக்கே எப்பிடி அடங்கிப் போச்சு" என்று சரசு சொல்வது கேட்டது. "எந்தம்பி கை ராசி."

பூசணிக்காய் உடைத்து, பொரியும் கடலையும் தட்டில் போட்டுக்கொண்டு எல்லோரும் கூடத்துக்கு வந்தார்கள். மூன்று அறைகளில் குங்குமம் வைத்த திரைகள் இருட்டாக இருந்தன. பாஷாவின் அறையில் பிரிண்டர் கிறீச்சிட்டுச் சீட்டைத் துப்பிக்கொண்டிருந்தது.

"இன்னா சக்கரவர்த்தி, பாய் மெஷினு மட்டும் ஓடுது?" என்றார் சகாதேவன்.

"அவருக்குத் தனி மெஷினுங்க. உங்களுக்குத் தனி. இன்னிக்கி நேத்தா சொல்றேன்?"

இரண்டு வருஷமாகச் சொல்லிவந்ததில் பாதி அன்று ஒருநாள் உண்மையாகிவிட்டது என்று வெள்ளையம்மாள் நினைத்துக்கொண்டாள்.

சக்கரவர்த்தி பொரித்தட்டை அவள் கையில் படாமல் மேசையில் வைத்தார். முகத்தில் நிம்மதி. "பரசு சொன்ன மாதிரியே பண்ணிட்டாம்மா. அவனையே இன்சார்ஜாப் போட்டுடலாம்னு இவ சொல்றா. நீயும் கூடவே இரு, ஒண்ணும் கொறையாது. நாளைக்கி நல்ல நேரத்துல ஆன் பண்ணணும். அந்த பாஸ்வேர்டு இன்னான்னு அவன்கிட்ட சொல்லிடு."

வெள்ளையம்மாள் எழுந்து நின்றாள். குரலைத் தணிக்கவில்லை.

"பரசு தட்டனது செத்த சுவிட்சுங்க. அவரு தட்டறதுக்கு முன்னாடியே மெஷினை அடக்கனது நானு. பாய் வேலைய மாத்தனதும் நானு. இங்கியே குந்திக்கினு. நீங்க கற்பூரம் காட்டறப்ப நான் உள்ளதான் இருந்தேன்."

சக்கரவர்த்தியின் வாய் திறந்தது. தீட்டு என்ற வார்த்தை அவர் தொண்டைவரை வந்ததை அவள் பார்த்தாள். இரண்டடி தள்ளி சகாதேவன் பொரி மென்றபடி காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"உள்ளன்னா, எதுக்குள்ளம்மா?" என்றார் சகாதேவன். "நீ பாய் ரூமுலல்ல குந்தியிருந்த?"

பிரிண்டர் நின்றிருந்தது. வெள்ளையம்மாள் சக்கரவர்த்தியைப் பார்த்தாள். பதிலை அவரிடமே விட்டாள். தீட்டு என்று சொன்னால் நாலு அறைக்கும் ஒரே மெஷின்தான் என்று அவரே ஒத்துக்கொள்ளவேண்டும்.

"அது... வேல விஷயமாச் சொல்லுதுங்க" என்றார் அவர். நெற்றி வேர்வையில் விபூதி கரைந்து புருவத்துக்கு இறங்கியது. சகாதேவன் வெளியே போகும்வரை காத்திருந்து, மெதுவாக, "நாளைக்கிப் பேசிக்கலாம்" என்றார்.

"பேசலாங்க. நாளைக்கி நாலாம் நாளு. தலைக்கு ஊத்திக்கினு வரேன். கேட்டா ஆமான்னு சொல்லுவேன். பாஸ்வேர்டு மட்டும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

அவர் உள்ளே பார்த்தார். சரசு பரசுராமனுக்குத் திருஷ்டி கழித்துக்கொண்டிருந்தாள்.

கூடம் காலியானதும் வெள்ளையம்மாள் பின்னறை வாசல்வரை போனாள். நிலைப்படிக்கு இந்தப் பக்கமே நின்றாள். பெரிய மெஷின் சாமந்தி மாலையும் சந்தனமுமாகச் சில்லிட்டுக் கிடந்தது. மூலையில், யாரும் ஒரு பொட்டுகூட வைக்காத பழைய மெஷின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பூஜையில் இறைத்த பொரி அதன் தகர மூடி மேலும் கொஞ்சம் விழுந்திருந்தது. அஜ்மத் முன்னறையில் தட்டத் தட்ட, அந்த அதிர்வில் பொரி ஒவ்வொன்றாக எழுந்து குதித்து இடம் மாறிக்கொண்டிருந்தது.