இரட்டைக் கிளாஸ்

வைன் கடைக்காரருக்கு ஊர் வைத்த பெயர் மூக்கர். கார்க்கை முகர்ந்தே வைன் கெட்டுவிட்டதா என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கைத்தான் இரண்டு மாதம் முன்பு ஒரு காய்ச்சல் கொண்டுபோயிற்று. வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. பாவம், எப்படிச் சொல்வார்? கடையே அந்த மூக்கை நம்பித்தான் நடந்தது.

இன்று போர்ட் வைன் தேர்வு. பீப்பாயில் சில வருஷம் கூடுதலாகக் கிடந்து, தாமதமாகப் பாட்டிலுக்கு வருகிற இனிப்பு வைன். ஐந்து கம்பெனிகள் அனுப்பியதில் ஒன்றைத்தான் கடை வாங்கும். பின்னறையில் மகள் பாட்டில்களுக்குத் துணியுறை மாட்டி, ஆறு கிளாஸ்களில் ஊற்றி எண் போட்டு, எந்தப் பாட்டில் எந்த எண் என்று உறையின் உள்பக்கம் எழுதியிருந்தாள். ஐந்து பாட்டிலுக்கு ஆறு கிளாஸ் என்பது மூக்கரே போட்ட சட்டம். ஏதோ ஒரு வைன் இரண்டு கிளாஸில் இருக்கும். அந்த இரட்டையைக் கண்டுபிடிக்காதவர் பேச்சு அன்றைக்குச் செல்லாது. இதை வைத்தே எத்தனையோ பெரிய மனுஷர்களின் மூக்கை உடைத்திருக்கிறார். இன்று மாட்டிக்கொண்டது அவரே.

குடித்துப் பார்த்தார். இனிப்பு தெரிந்தது, துவர்ப்பு தெரிந்தது, தொண்டையில் சூடு தெரிந்தது. வாசனை மட்டும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கிளாஸ்களைப் பார்த்தார். இரண்டாவதிலும் ஐந்தாவதிலும் அடியில் பொடிப்பொடியாக வண்டல். வடிகட்டாமல் அடைத்த வைனில்தான் வண்டல் தங்கும்.

“ரெண்டும் அஞ்சும் இரட்டை,” என்றார்.

“சரிதாம்பா.” மகள் கொஞ்சம் சீக்கிரமாகவே சொல்லிவிட்டாள்.

அவருக்குப் போன உயிர் வந்தது. வாசல் மணி அடிக்கவே, வாடிக்கையாளரைப் பார்க்க அவள் முன்பக்கம் போனாள். அவர் நிம்மதியாக உறைகளைக் கழற்றினார். ஓர் உறையில் இரண்டு என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் ஐந்து. இரண்டுமே வடிகட்டாத சரக்கு, ஆனால் வேறு வேறு கம்பெனி. ஒன்று, நாலு என்று சேர்த்து எழுதியிருந்தது மூன்றாவது உறையில்.

மகள் திரும்பி வந்தபோது உறைகள் மேஜையில் கிடந்தன.

“எப்பலேருந்து தெரியும்?”

“போன வாரம் பால் தீஞ்சப்போ. நீங்க அடுப்புப் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிச்சிட்டிருந்தீங்க.”

“கேட்டிருக்கலாமில்ல?”

“நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்பா.”

கோபம் வரவில்லை அவருக்கு. தான் மட்டும் தூக்கிக்கொண்டு அலைந்ததாக நினைத்த பாரத்தை இவளும் தூக்கியிருக்கிறாளே என்றுதான் தோன்றியது.

“சட்டம் சட்டந்தான். இன்னிக்கு என் பேச்சு செல்லாது. நீ அந்தப் பக்கம் திரும்பு.”

கிளாஸ்களைக் கழுவினார். கண்ணால் பார்த்துத் தப்பிக்க வழியில்லாமல், வண்டல் போக வைனைத் துணியில் வடிகட்டி ஊற்றினார். உறைகளின் உள்பக்கம் புது எண்களை எழுதி மாட்டினார். மகள் ஒவ்வொன்றாக முகர்ந்தாள், சுவைத்தாள், பழையபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

“மூணும் ஆறும்.”

“நான் சரின்னு சொன்னா நம்பாதே. நம்ம குடும்பத்துல அப்படிச் சொல்ற பழக்கம் இருக்கு. உறையை நீயே பாரு.”

பார்த்தாள். மூன்று, ஆறு என்று சேர்ந்தே இருந்தது.

மூக்கர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

“இப்ப ஒண்ணொண்ணா வாசனையைச் சொல்லு. மெதுவா சொல்லும்மா.”