தோராவின் நான்கு வரிசைகள்

பிப்ரவரி கடைசியில் உயர்நிலைப் பள்ளியின் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் தேர்வுக்கு எந்தெந்தப் பாடம் எடுப்பது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஆங்கிலமும் கணக்கும் எல்லோருக்கும் உண்டு, அதில் பேச்சில்லை. மீதிக்குத் தாளில் நான்கு வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் ஐந்தாறு பாடங்கள் அச்சடித்திருக்கும், ஒன்றைத்தான் வட்டமிடலாம். ஒரு பிள்ளைக்குப் பிடித்த இரண்டும் ஒரே வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்வது வருஷா வருஷம் நடக்கிற கூத்து.

இங்கா ஃப்ளெட்டின் பொறுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். சமூகவியல் வகுப்பு எடுக்கும் நேரம் போக, அவள்தான் அவர்களுக்கு வழிகாட்டி ஆசிரியை. யார் வீட்டில் யார் குடிக்கிறார்கள், யாருடைய அப்பா கப்பலிலிருந்து திரும்பவே இல்லை, எல்லாம் அவளுக்குத் தெரியும். ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஓர்க்னி மாதிரி சின்னத் தீவுக்கூட்டத்தில் இப்படியெல்லாம் தெரிந்து வைத்திருப்பவளை யார் வீட்டுக்குக் கூப்பிடுவார்கள்? கடையில் அவளைக் கண்டதும் தள்ளுவண்டியை அடுத்த சந்துக்குத் திருப்பிக்கொள்ளும் தாய்மார்கள் உண்டு. கெட்ட எண்ணத்தினால் இல்லை, பாவம். அவளைப் பார்த்தாலே அவள் அறையில் தாங்கள் அழுத நாள் அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

தாளின் அடியில் ஒரு கோடு விட்டிருப்பார்கள். 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்று கேட்டிருக்கும். பெரும்பாலும் காலியாக வரும், இல்லாவிட்டால் யாராவது ஒரு மீன் படம் போட்டிருப்பான். இந்த வருஷம் மெரன் என்ற பெண்ணின் தாளில் பொடி எழுத்தில் மூன்று வரி இருந்தது.

'என்னைத் தோராவோடு ஒரே வகுப்பில் போடாதீர்கள். அவளுக்குச் சொல்ல வேண்டாம். அவள் நல்லவள்தான்.'

இங்கா தோராவின் தாளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வேதியியல், இயற்பியல், வரலாறு, பிரெஞ்சு. மெரனின் தாளிலும் அதே நாலு வட்டங்கள்.

மெரன் டாக்டராக வேண்டும் என்று ஏழு வயதிலிருந்து சொல்லிக்கொண்டிருப்பவள். தோராவுக்கு இயற்பியல் என்றால் வேப்பங்காய். போன தேர்வில் நூற்றுக்கு இருபத்தொன்பது. அவளுக்குக் கை வந்தது தொழில்நுட்ப வரைபடம். தன் தீவுக்குப் போகும் எட்டுப் பேர் மட்டும் உட்காரும் குட்டி விமானத்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் வெட்டிப் பார்த்த மாதிரி வரைந்து, எடை பார்த்து எந்த ஆளை எங்கே உட்கார வைப்பார்கள் என்பதுவரை குறித்திருந்தாள். வரைபட ஆசிரியர் எர்லெண்ட் அதை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டிவிட்டு, "இவ எங்கிட்ட வரலன்னா நான் வேலையை விட்டுட்டு நண்டு பிடிக்கப் போயிடுவேன்," என்று சொல்லியிருந்தார். அந்தப் பாடமும் இயற்பியலும் ஒரே வரிசை.

தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பிள்ளையோடும் பெற்றோரோடும் இங்கா பேச வேண்டும். தோராவின் முறை வந்த அன்று காற்றால் படகு ஓடவில்லை. அவள் அம்மா யூனா, தங்கள் தீவிலிருந்தே போனில் வந்தாள். மேஜை மேல் போனை வைத்துவிட்டு இங்கா ஆரம்பித்தாள்.

"இயற்பியல் எதுக்கும்மா?"

"எஞ்சினியர் ஆகணும் மிஸ்."

"எப்போலேர்ந்து?"

தோரா கொஞ்சம் யோசித்தாள். "திங்கக்கிழமைலேர்ந்து."

போனில் யூனா சிரித்தாள். சிரிப்பு சீக்கிரம் நின்றது. "மிஸ், சுத்தி வளைக்காம சொல்லிடறேன். மெரன் எங்க இருக்காளோ அங்க இவளைப் போட்டுடுங்க. மார்க்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். இங்க எங்க பள்ளிக்கூடத்துல இவ மூணு வருஷம் ஒத்தையாளா படிச்சவ. மொத்தப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே பிள்ளை. விளையாட்டு விழால தனியா ஓடி, தானே முதல்ல வந்து, தானே மூணாவதாவும் வந்தா."

"அம்மா, போதும்மா."

"இல்லடி, மிஸ்ஸுக்குத் தெரியட்டும். பள்ளிக்கூட போட்டோன்னு ஒண்ணு இருக்கு மிஸ். இவளும் வாத்தியாரம்மாவும், நடுவுல என் நாயும். நாயைக் கூப்பிட்டது இவதான், படம் காலியா இருக்குன்னு."

தோரா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்கப் பள்ளி இருக்கும் ஊரில் மாணவர் விடுதியில் தங்கி, வெள்ளிக்கிழமை விமானத்தில் வீட்டுக்குப் போகிறவள். இரண்டரை வருஷத்தில் அவள் சேர்த்தது மெரன் ஒருத்தியைத்தான்.

இங்கா எல்லாப் பிள்ளைகளிடமும் சொல்வதையே சொன்னாள். "ஒரே பாடம் எடுத்தாலும் ஒரே வகுப்பு கிடைக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. இரண்டு பிரிவா பிரிச்சா..."

"பிரிக்க மாட்டாங்க மிஸ்." தோரா பையிலிருந்து ஒரு கட்டம் போட்ட தாளை எடுத்தாள். "ஆய்வகத்துல இருபது பேர் வரைக்கும் வைக்கலாம். நான் எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன், இயற்பியலுக்கு என்னைச் சேர்த்துப் பதினேழு பேர். வேதியியல் பத்தொம்போது. பிரெஞ்சு ஒம்போது. வரலாறு மட்டும்தான் இரண்டு பிரிவு. அதுல பாதிக்குப் பாதி வாய்ப்பு. மோசமில்ல."

கணக்கு துல்லியமாக இருந்தது. இந்தக் காரியத்துக்கென்று ஒரு பாடம் இருந்தால் இவளுக்குத்தான் முதல் மதிப்பெண் என்று இங்கா நினைத்துக்கொண்டாள். "நாளைக்குப் பேசலாம்," என்று அனுப்பிவைத்தாள்.

அன்று மதியமே மெரனைக் கூப்பிட்டாள். மெரன் உட்காரவில்லை.

"நான் மோசமானவள்னு நினைக்கிறீங்க."

"நினைக்கல. என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மிஸ். அதான் கஷ்டம். சண்டை போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். அவ என்னைத் திட்டினதில்ல, கோள் சொன்னதில்ல. நான் கழிப்பறைக்குப் போனா என் கோட்டைப் பிடிச்சுட்டு வெளியில நிப்பா. நான் யார்கூடவாவது பேசினா, முடியற வரைக்கும் பக்கத்துல சிரிச்சுட்டே நிப்பா. இப்ப என்கிட்ட யாரும் வர்றதேயில்ல. எனக்கு மூச்சு முட்டுது மிஸ்."

"அவகிட்ட நீயே சொல்லலாமே."

"எப்படிச் சொல்றது? நீங்க சொல்லிக் குடுங்க, நான் சொல்றேன்."

அந்த வாக்கியத்தை எப்படி ஆரம்பிப்பது என்று ஐம்பத்து நாலு வயதில் இங்காவுக்கும் தெரியவில்லை. யாரிடமும் சொல்லாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று மட்டும் வாக்குக் கொடுத்தாள்.

மறுநாள் தோரா வந்தாள். வட்டங்களை அழுத்தி, இன்னும் கறுப்பாக்கிக்கொண்டு வந்திருந்தாள். இங்கா எர்லெண்டின் நண்டுக் கதையைச் சொன்னாள். விமானப் படத்தைப் பற்றிப் பேசினாள். எதற்கும் தோரா அசையவில்லை. கடைசியில் இங்கா கேட்டாள்:

"மெரன்னு ஒருத்தி இந்தப் பள்ளிக்கூடத்துலயே இல்லன்னு வச்சுக்கோ. அப்போ எதை எடுப்பே?"

தோரா பென்சிலை நிறுத்தினாள். மெதுவாக நிமிர்ந்தாள்.

"அவ ஏதாவது சொன்னாளா மிஸ்?"

'இல்லை' என்று அந்த நொடியே சொல்லியிருக்க வேண்டும். இருபது வருஷமாக எத்தனையோ இல்லைகளைக் கண் இமைக்காமல் சொன்னவள்தான். அன்று ஒரு மூச்சு தாமதமாகிவிட்டது. அதற்குப் பிறகு, "மத்த பிள்ளைங்க சொல்றதை நான் பேசக் கூடாதும்மா," என்று வாயில் வந்தது. அது ரொம்பச் சரியான வாக்கியம். அதைவிட மோசமான பதில் வேறெதுவும் இருந்திருக்க முடியாது.

தோரா அழவில்லை. அழிப்பானை எடுத்து இயற்பியல் வட்டத்தை அழித்தாள். வரைபடத்தை வட்டமிட்டாள். இங்காவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. ஆனால் அழிப்பான் நிற்கவில்லை. வேதியியல் போய் உயிரியல் வந்தது. பிரெஞ்சு போய்ச் சமையல் வந்தது. வரலாறு போய்ப் புவியியல் வந்தது. தாள் தேய்ந்து ஒரு இடத்தில் கிழிந்தேவிட்டது.

"இப்ப ஒண்ணுல கூட இல்ல மிஸ். சரிதானே?"

"வரலாறு உனக்குப் பிடிக்குமே."

"அவளும் அதுல இருக்காளே."

"அது இரண்டு பிரிவுன்னு நீதானே சொன்னே. உன்னை வேற பிரிவுல போட என்னால முடியும். அதையாவது விட்டுடாதே."

தோரா புவியியலை அழித்து வரலாற்றை மறுபடி வட்டமிட்டாள். "முதல்லயே என்கிட்ட சொல்லியிருக்கலாம் அவ," என்றாள். "நான் தள்ளி நின்னிருப்பேன். எனக்கு அது பழக்கம்தான்."

ஜூன் முதல் வாரம் புதிய கால அட்டவணை வந்தது. லீவுக்கு முன்னாலேயே அடுத்த வருஷத்துப் பாடங்களைத் தொடங்கிவிடுவது அங்கே வழக்கம். இங்கா வரைபட அறைப் பக்கம் போகும்போதெல்லாம் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பாள். ஏழு பையன்கள் ஒரு பக்கம் இரைச்சலாக இருப்பார்கள். கோடி மேஜையில் தோரா குனிந்து கோடு போட்டுக்கொண்டிருப்பாள். எர்லெண்டுக்கோ வாய் கொள்ளாத சந்தோஷம். "பொண்ணு பேசவே மாட்டேங்குது. ஆனா அந்தக் கோடு இருக்கே, கத்தி!"

மதியத்தில்தான் சிக்கல். மெரன் கேண்டீனில் புதுக் கூட்டத்தோடு உட்கார ஆரம்பித்துவிட்டாள். முதல் நாள் தோரா இங்காவின் அறைக் கதவைத் தட்டி, "பேனா கிடைக்குமா மிஸ்?" என்றாள். இரண்டாம் நாள் எதையும் கேட்கவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள்.

உண்மையைச் சொல்ல வேண்டும், இங்காவுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷம் அவள் சூப்பைக் கணினியைப் பார்த்தபடியே குடித்தவள். இப்போது எதிரே ஒரு முகம். தோரா வாரத்துக்கும் சேர்த்து வீட்டிலிருந்து பார்லி ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கொண்டுவந்தாள். மெரன் பேச்சை இரண்டு பேருமே எடுப்பதில்லை. விமான ஓட்டி யாரைப் பார்த்து என்ன சொன்னார், அம்மா வளர்க்கும் ஆடு எவ்வளவு திமிர் பிடித்தது என்று தோரா சொல்லச் சொல்ல இங்கா வயிறு வலிக்கச் சிரித்தாள். காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போதே மதியத்தை நினைக்கத் தொடங்கியிருந்தாள்.

இரண்டாம் வாரம் வெள்ளிக்கிழமை தோரா ஒரு தாளை நீட்டினாள். பாட மாற்றத்துக்கான விண்ணப்பம். முதல் மூன்று வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம்.

"வரலாறு வேண்டாம் மிஸ். சமூகவியல் எடுத்துக்கறேன்."

"சமூகவியல் பிடிக்குமா உனக்கு?"

"நீங்கதானே எடுக்கறீங்க."

கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் தோராவே பென்சிலால் சிறு புள்ளி வைத்திருந்தாள். இங்கா பேனாவை எடுத்தாள். போட்டுவிடலாம். தடுக்க யாரும் இல்லை. வாரம் நாலு பாடவேளை, அதோடு ஐந்து மதியம். அந்தக் கணக்கை அவளும் மனத்துக்குள் போட்டுப் பார்த்துவிட்டாள் என்பதுதான் அவளைச் சுட்டது. பேனாவை மூடினாள்.

"இதுல நான் கையெழுத்துப் போடல தோரா. திங்கக்கிழமைலேர்ந்து மதியம் இங்க வராதேம்மா."

தோராவின் காது நுனிகள் சிவந்தன. "நான் தொந்தரவா மிஸ்?"

"இல்ல." இந்தத் தடவை பதில் உடனே வந்தது. "நீ வந்தா எனக்கு ரொம்ப நல்லா இருக்கு. அதுதான் சரியில்ல. நான் கிழவி, எனக்கு இந்த அறை போதும். உனக்குப் போதாது. ஏதாவது கஷ்டம்னா எந்த நேரமும் வா. சாப்பிட மட்டும் வராதே."

"அப்ப எங்க போறது?"

"தெரியலம்மா. தெரிஞ்சா சொல்லிடுவேன்."

தோரா டப்பாவை மூடினாள். விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். கதவை ஓசைப்படாமல் சாத்திவிட்டுப் போனாள். அப்படிச் சாத்தியதற்குப் பதில் படாரென்று அறைந்திருந்தால் இங்கா அன்றிரவு தூங்கியிருப்பாள்.

திங்கட்கிழமை மணி அடித்ததும் இங்கா சூப்பைத் திறந்தாள். நடைவழியில் பிள்ளைகளின் இரைச்சல் அலையாக வந்து கேண்டீன் பக்கம் வடிந்துபோனது. அதற்குப் பிறகு ஒரே ஒரு ஜோடிக் காலடி. அவசரமில்லாத காலடி. அவளுக்கு அது தெரியும். கதவுக்கு வெளியே வந்து நின்றது.

இங்கா கரண்டியைக் கூட அசைக்கவில்லை. 'உள்ளே வா' என்ற சொல் பல்லுக்குப் பின்னால் நின்றது. எழுந்து போகாதிருக்க மேஜை விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

காலடி நகர்ந்தது. நடைவழிக் கோடியில் இடப்பக்கம் திரும்பினால் கேண்டீன். வலப்பக்கம் திரும்பினால் வெளிவாசல், அதைத் தாண்டிக் காற்றும் கடலும்தான். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று இங்கா காதைக் கூர்மையாக்கிக்கொண்டு கேட்டாள். எங்கோ ஒரு கதவு திறந்து மூடியது. எந்தக் கதவு என்று தெரியவில்லை. சூப் ஆறும்வரை அவள் கேட்டுக்கொண்டேயிருந்தாள்.