குரல் நடுவில் நிற்கவில்லை

மூன்றாவது பெட்டியோடு அவர் வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பையைத்தான் பார்த்தாள்.

"இதுக்கு என்ன குறையாம்?"

"இன்னும் போட்டே பாக்கலையே."

"நீங்க பாத்தா குறை வந்துரும். போற போக்கப் பாத்தா அந்தக் கடைக்காரம்மா நம்ம வாசல்லயே கடை போட்டுருவாங்க."

ரெக்கார்டு பிளேயர் அவளுடைய அண்ணன் கொடுத்தது. வீடு மாறியபோது அதையும் இரண்டு அட்டைப்பெட்டி இசைத்தட்டுகளையும் இங்கே இறக்கிவிட்டுப் போனார். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர்களும் வீட்டில் ஏற்கெனவே இருந்தன. இடையில் ஒன்றுதான் இல்லை. தட்டின் மேல் ஓடும் ஊசி எழுப்புவது மிகச் சன்னமான மின்சாரம். அதைப் பெரிதாக்கி, தட்டைத் தயாரிக்கும்போது குறைத்த அடிநாதத்தைத் திரும்பச் சேர்த்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்ப ஒரு சின்னப் பெட்டி வேண்டும். அதற்கு போனோ ப்ரீஆம்ப் என்று பெயர். எல்லாமே சோப்பு டப்பா அளவுதான் இருக்கும், விலை மட்டும் செருப்பு விலையில் ஆரம்பித்து ஸ்கூட்டர் விலை வரைக்கும் போகும்.

அவர் செருப்பு விலையில் ஒன்றை வாங்கினார். இடது பக்கம் சத்தம் கம்மியாக இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கூடப் போட்டு அடுத்ததை வாங்கினார். அதிலும் இடது பக்கம் கம்மி. கடைக்காரம்மா இரண்டையும் அவர் கண்ணெதிரே கடையிலிருந்த மீட்டரில் போட்டுக் காட்டினார். "சார், ரெண்டு பக்கமும் முள்ளு ஒரே இடத்துல நிக்குது பாருங்க" என்றார். முள் அப்படித்தான் நின்றது. அவருக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷமாகக் காதால் சம்பாதிக்கிறவரிடம் முள்ளைக் காட்டுகிறார்கள்.

அவர் வேலை செய்வது மின்மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறையில். சரிசெய்த மோட்டாரை ஓடவிட்டு, ஓர் இரும்புக் கம்பியின் நுனியை பேரிங் இருக்கும் இடத்தில் வைத்து, மறுமுனையின் மரக்குமிழை இடது காதில் அழுத்திக் கேட்பார். வலது கையில் சாக்பீஸ் இருக்கும். திருப்தி என்றால் மோட்டாரின் முதுகில் ஒரு சரி போடுவார். அந்தச் சரி விழாமல் எதுவும் வண்டி ஏறாது. மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றுகிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஸ்டெத்து. அதிர்வை அளக்க பட்டறையில் ஒரு மீட்டரும் உண்டு. வாங்கிய நாளிலிருந்து அலமாரியில் கிடக்கிறது. "ஸ்டெத்து இருக்கும்போது அது எதுக்கு?" என்று முதலாளியே வாடிக்கையாளர்களிடம் பெருமையடிப்பார்.

மூன்றாவது பெட்டியைக் கொடுத்தபோது கடைக்காரம்மா ஒன்று சொல்லியிருந்தார். "கழட்டி எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி ஒயர இடம் மாத்திக் குத்திப் பாருங்க சார். குறை அந்தப் பக்கம் தாவுச்சுன்னா பொட்டியிலயோ ஊசியிலயோ கோளாறு. தாவலன்னா என் பொட்டிய விட்டுருங்க, வேற எங்கயோ தேடணும்."

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒற்றைக் குரல் மட்டும் பாடும் ஒரு பழைய தட்டை எடுத்தார். இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருகிற தட்டு. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தால், பாடுகிறவர் நட்டநடுவில் நிற்பதுபோலக் கேட்க வேண்டும். அவருக்கு இடப்பக்கம் ஜன்னல், வலப்பக்கம் கதவு. ஊசியை வைத்தார். பாடுகிறவர் கதவை ஒட்டிப்போய் நின்றார்.

பெட்டியின் பின்னால் ஒயர்களை இடம் மாற்றிக் குத்தினார். குரல் கதவுப் பக்கமே இருந்தது.

அப்படியென்றால் ஆம்ப்ளிஃபயர். ஸ்பீக்கர் ஒயர்களை இடம் மாற்றினார். அப்போதும் கதவுப் பக்கம்தான்.

ஸ்பீக்கராக இருக்கும். ஜன்னல் பக்கம் இருந்ததைத் தூக்கிக் கதவுப் பக்கமும், கதவுப் பக்கம் இருந்ததை ஜன்னல் பக்கமும் வைத்தார். மூச்சு வாங்கியது. குரல் அசையவில்லை.

மனைவி கூடையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "வந்து இங்க உக்காரு" என்றார்.

"துணி கெடக்கு."

"ஒரு நிமிஷம்தான், வா."

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்று அவளை எழுப்பியது. நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாட்டு எங்கேருந்து வருது? கைய நீட்டிக் காட்டு."

அவள் நேராக நடுவில் காட்டினாள். "அங்க என்ன இருக்கு, வெறும் சுவருதான? ஆனா அங்கேருந்துதான் வருது. நல்லாத்தான் இருக்கு. முதல் பொட்டியிலயும் இப்படித்தான் இருந்துச்சு."

"அப்பவே சொல்றதுக்கென்ன?"

"உங்க காதுகிட்ட நான் என்னத்தச் சொல்ல?"

அவளை எழுந்திருக்கச் சொல்லிவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். செய்ய வேண்டிய கடைசிச் சோதனை எது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

பாடுகிறவர் கதவை விட்டு நகர்ந்து ஜன்னலுக்குப் போனார்.

அறையில் எதையும் அவர் தொடவில்லை. மாறியது அவர் தலை மட்டும்தான். எழுந்து மறுபடி திருப்பினார், குரல் கதவுக்கு வந்தது. இன்னொரு தடவை திருப்பினார். மூன்றாம் தடவை மனைவி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன பண்றீங்க?"

"இடது காது."

அவள் தட்டை நிறுத்தினாள். "குறும்பி அடைச்சிருக்கும். நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டிரலாம். இதுக்குப் போயி ஏன் மூஞ்சி இப்படி ஆகுது?"

"குறும்பியாவே இருக்கட்டும். அடைச்ச காத வச்சுத்தான நான் சரி போட்டிருக்கேன்."

வியாழக்கிழமை ஒரு மோட்டாருக்குப் போட்ட சரிதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஆஸ்பத்திரி லிஃப்டின் மோட்டார். கம்பியை வைத்ததும் உள்ளே பேரமைதி. இவ்வளவு சுத்தமாக ஒரு பேரிங்கைக் கேட்டு ரொம்ப நாளாயிற்று என்று அப்போது மனம் குளிர்ந்தது. நாளைக் காலை ஏழு மணிக்கு வண்டி வருகிறது.

"நாளைக்கு அத நிறுத்தணும்" என்றார்.

"நிறுத்துங்க."

"நிறுத்துனா ஏன்னு கேப்பாங்க."

காதுதான் அவருக்குச் சோறு போடுகிறது என்பது அவளுக்கும் தெரியும். சாயங்காலம் அவரே கடைக்குப் போய் மூன்றாவதைக் கொடுத்துவிட்டு முதலில் வாங்கியதையே கேட்டு வாங்கிவந்தார். கடைக்காரம்மா காரணம் கேட்கவில்லை. ஒயர் மாற்றிப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டார். பார்த்தேன் என்றார்.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கே வண்டி வந்து நின்றிருந்தது. மோட்டாரைச் சங்கிலியில் கட்டித் தூக்கப் போகிற நேரம். அவர் குனிந்து, முதுகில் இருந்த சரியைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார்.

காயில் சுற்றுகிறவர்களில் ஒருவர் கைகொட்டிச் சிரித்தார். "என்ன ஸ்டெத்தண்ணே, பேஷண்ட டிஸ்சார்ஜ் பண்ண மாட்டீங்களா?"

"மேஜைல ஏத்தி ஓடவிடு. அலமாரியில மீட்டர் இருக்கும், எடுத்துட்டு வா."

சிரிப்பு நின்றது. முதலாளி கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். "மீட்டரா? வண்டி நிக்குதுய்யா. நீங்கதான கேட்டு விட்டீங்க?"

"கேட்டேன். எனக்குக் கேக்கல."

"என்ன கேக்கல?"

"இடது காது கேக்கல. நேத்துதான் தெரிஞ்சுது."

மீட்டருக்கு பேட்டரி இல்லை. சுவர்க் கடிகாரத்தில் இருந்ததைக் கழற்றிப் போட்டார்கள். மோட்டார் ஓடியது. மீட்டரின் முனையை பேரிங்கின் மேல் வைத்தபோது அவர் முள்ளைப் பார்க்காமல் முதலாளியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் மெல்ல மாறியது. பிறகுதான் குனிந்தார். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கிக்கொண்டிருந்தது.

முதலாளி டிரைவரிடம் போய் ஏதோ சொல்லி வண்டியை அனுப்பிவிட்டு வந்தார். திட்டுவார் என்று இவர் காத்திருந்தார். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

"எவ்வளவு நாளா இப்படி?"

"தெரியல."

"சுமாரா சொல்லுங்க. ஒரு வாரமா? ஒரு மாசமா?"

அவர் யோசித்தார். போனை வலது காதுக்கு மாற்றியது எப்போது? மனைவியைக் கட்டிலில் இடம் மாறிப் படுக்கச் சொன்னது எப்போது? மழைக்கு முன்பா, பின்பா? எதற்கும் தேதி இல்லை.

"தெரியலங்க" என்றார் மறுபடியும்.

மோட்டார்கள் வெளியே போன விவரம் எழுதும் நோட்டை அவரே எடுத்துவந்து, கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தார். பக்கம் முழுக்க அவருடைய கையெழுத்து. முதலாளி போனை எடுத்து வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க."

"பள்ளிக்கூடம். தண்ணி பம்பு. புதன்கிழமை போச்சு."

முதலாளி எண்களை அழுத்தினார். அந்தப் பக்கம் மணி அடிக்கத் தொடங்கியபோது அவர் நோட்டில் விரலை ஒரு வரி மேலே, அதற்கு முன்னால் போன மோட்டாருக்கு நகர்த்தினார்.